சுண்ணாம்புக்குள் ஒரு வரி

அத்தியாயம் 9

"பயப்படாம உள்ள வாங்கக்கா. உழுவ வேண்டியது முந்தாநாளே உழுந்துருச்சு" என்று கூப்பிட்டாள் வசந்தாமணி.

சௌந்திரம் சரக்கறையின் நிலைப்படியைத் தாண்டவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவில் முறிந்த பனை விட்டம் குறுக்காகக் கிடந்தது. அதற்கு அடியில் நசுங்கிப்போன கயிற்றுக் கட்டில். அந்தக் கட்டிலில்தான் முந்தாநாள் மத்தியானம் அவள் கொழுந்தன் சின்னண்ணன் படுத்திருந்தான். ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போர்வெல் போடப் போயிருந்தவன், பெண் வீட்டார் வருகிறார்கள் என்று லீவு கேட்டு வந்த பிள்ளை. இப்போது சேலத்து ஆஸ்பத்திரியில் இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். எழுந்து நடப்பானா என்று சௌந்திரம் கேட்டதற்கு டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விட்டத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் துப்பறியும் செங்கோடன். சேலம் சூரமங்கலத்தில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். ஒடிசலான தேகம், கட்டைக்குரல், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. வசந்தாமணி அவருடைய உதவியாள். அம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பத்துப் பெண். அவள் வாய்க்கு மட்டும் லீவு நாளே கிடையாது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன சௌந்திரம், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினாள். காரணம் கந்தம்மாள். போலீஸ் விசாரணைக்கு என்று பங்காளி நாச்சிமுத்துவைக் கூட்டிப்போனதும், அவர் சம்சாரம் கந்தம்மாள் இவர்கள் தோட்டத்து வேலியோரம் வந்து நின்றாள். அழவுமில்லை, திட்டவுமில்லை. "அம்மிணி, எங்கூட்டுக்காரரு அப்புடிச் செய்யற ஆளா? நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"நாச்சிமுத்து உங்க வீட்டுக்காரருக்கு என்ன உறவு?" என்று செங்கோடன் தலை நிமிராமலே கேட்டார்.

"பங்காளிங்க. பெரியப்பா மகன். கோழித் தீவன லாரி அவங்க தடத்துல வரக்கூடாதுன்னு சண்டைங்க. போன மாசம் ஊரே கேக்கறாப்புல, 'உங்க ஊடு உங்க தலைமேலயே உழுவோணும்டா'ன்னு சொல்லிப்போட்டாருங்க."

"சொன்னார். வீடும் விழுந்தது. விட்டத்துக்கு அடியில மரத்தூள் கிடந்தது. நாச்சிமுத்து எருமப்பட்டியில மரம் அறுக்கிற மில் வச்சிருக்கார். ஓட்டைப் பிரிச்சு, விட்டத்தை முக்கால்வாசி அறுத்து வச்சுட்டுப் போயிட்டார்ங்கறது இன்ஸ்பெக்டர் கணக்கு."

"பொருத்தம் எல்லாம் பாத்தாச்சு, தாலி கட்டறதுதான் பாக்கி" என்றாள் வசந்தாமணி.

அந்த மரத்தூளை முதலில் பார்த்தபோது தனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் சௌந்திரத்துக்கு இப்போதும் உடம்பு கூசியது. யாரோ அறுத்திருக்கிறார்கள். அப்படியானால் தன்னால் இல்லை. அன்று ராத்திரி அவள் தூங்கினாள். ஒரு மனுஷனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

செங்கோடன் மூலையில் மிச்சமிருந்த மரத்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மாவுபோல மெத்தென்று, சிவப்பாக இருந்தது.

"வசந்தாமணி, பனைமரம் அறுக்கறதைப் பாத்திருக்கியா?"

"நுங்கு வெட்டறதைத்தான் சார் பாத்திருக்கேன்."

"பனையை அறுத்தா மாவு வராது. கறுப்பு நாரும் வெள்ளைச் சோறும் கலந்து சிலும்பு சிலும்பா வரும். இது வாகையோ வேம்போ, வேற ஏதோ மரத்தோட தூள். இந்த விட்டம் அழுத கண்ணீர் இல்ல இது."

அவர் சாவிக்கொத்தை எடுத்து விட்டத்தின் நடுப்பகுதியில் தட்டினார். 'டங்' என்றது. நகர்ந்து முறிந்த முனைக்குப் பக்கத்தில் தட்டினார். காலி டப்பாவைத் தட்டியதுபோல 'பொத்' என்றது. கட்டைவிரலை வைத்து அமுக்கினார். மேலுக்கு வைரம்போலக் கறுத்து நின்ற பனை, அப்பளம்போல நொறுங்கி விரலை உள்ளே வாங்கிக்கொண்டது. பொலபொலவென்று செம்மண் கொட்டியது. மண்ணோடு சேர்ந்து அரிசிக் குருணைபோல வெள்ளைப் பூச்சிகள் நெளிந்தன.

"கரையான்" என்றார் செங்கோடன்.

"கூட்டுக் குடும்பமே குடியிருக்குது சார். வெள்ளையடிச்சுக் கிரகப்பிரவேசம் வச்சதுக்குத்தான் நம்மளக் கூப்பிடல" என்றாள் வசந்தாமணி.

வெள்ளையடித்து என்ற சொல் சௌந்திரத்தின் மேல் ஈரத்துணிபோல வந்து விழுந்தது. அந்தப் பெண் விளையாட்டாகச் சொன்னாளா, பார்த்துவிட்டுச் சொன்னாளா?

செங்கோடன் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சுவரின் அடியை நனைத்துக்கொண்டு ஓடியது. சுவரை ஒட்டிச் சோளத்தட்டுப் போர், அதன் பக்கத்தில் விறகு. உள்ளே அதே சுவரில் சாய்த்து அடுக்கிய கடலைக்காய் மூட்டைகள். ஜன்னல் மூலை ஒட்டடையில் ஈசல் இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா, கரையானுக்கு ஈரமும் இருட்டும் போதும். இங்க ரெண்டையும் குடுத்து, தின்ன விறகையும் வச்சிருக்கீங்க. மூட்டையைக் கல்லு மேல ஏத்தி, சுவத்தை விட்டு ஒரு முழம் தள்ளி வச்சிருந்தா, அது ஏறி வர்ற வழி கண்ணுல பட்டிருக்கும். தண்ணியை வேற பக்கம் திருப்பியிருந்தா வந்திருக்கவே வந்திருக்காது."

"வந்ததுக்கப்புறம் தெரிஞ்சா..." என்று சௌந்திரம் கேட்டாள்.

"மண் வரி தெரிஞ்ச அன்னிக்கே அது எந்த இடத்துல தரையிலிருந்து கிளம்புதுன்னு பாத்துத் தோண்டி, மருந்து ஊத்தணும். மேல மரத்தைத் தட்டிப் பாக்கணும். சத்தம் மாறியிருந்தா விட்டத்துக்கு முட்டுக் குடுத்துட்டு, அந்த அறையில ஆளைப் படுக்கவிடக் கூடாது. துடைப்பத்தால தட்டி விடறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அதோட ரோட்டைத்தான் அழிக்கிறோம். அது ஊருக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும்."

"ஆக, விட்டத்தை யாரும் அறுக்கல" என்றார் செங்கோடன். "இன்ஸ்பெக்டர் தரையைப் பாத்தார், மரத்தைப் பாக்கல. ஆனா மரத்தூள் தானா நடந்து வராது. விழுந்ததுக்கப்புறம் யாரோ கொண்டாந்து கொட்டியிருக்காங்க. யாரு?"

வசந்தாமணி குனிந்து தூளைக் கிளறினாள். அவள் விரல் நுனியில் நகத்தளவு வெள்ளை இறகு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"சார், ஆளைப் புடிச்சாச்சு. விட்டத்தை அறுத்தது ஒரு கோழி. கூண்டுல ஏத்தி ஸ்டேஷனுக்கு அனுப்பிரலாமா?"

செங்கோடன் சிரிக்கவில்லை. இறகை முகர்ந்து பார்த்தார். "கோழி எச்ச வாசம். அம்மா, உங்க கோழிக்கொட்டாய்க்குத் தரையில என்ன பரப்பியிருக்கீங்க?"

"மரத்தூளுங்க" என்றாள் சௌந்திரம். அந்தக் கொட்டாயின் பூட்டுச் சாவி அவள் புருஷன் சின்னுசாமியின் அரைஞாண் கயிற்றிலேயே தொங்கும், படுக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

தோட்டத்தின் கடைசியில் புதிதாகப் போட்ட கோழிக்கொட்டாய். கீற்றுக்கூரை, கம்பி வலை. உள்ளே வெள்ளைக்கோழிகள் ஒரே இரைச்சல். தீவன வாளியோடு நின்றிருந்த சின்னுசாமி, சம்சாரத்தோடு இரண்டு வெளியாட்கள் வருவதைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தார். கனத்த உடம்புக்காரர். இந்த இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"யாருங்க நீங்க?"

சௌந்திரம் முந்திக்கொண்டாள். "நாந்தானுங்க கூப்பிட்டேன். துப்பறியறவங்க. சேலத்துலருந்து வந்திருக்கறாங்க."

சின்னுசாமி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவன் முகம்போல இருந்தது. "என்னத்துக்கு? அதான் போலீஸ் கண்டுபுடிச்சுப் போட்டாங்களே."

செங்கோடன் கொட்டாய்க்குள் கையை நீட்டி ஒரு பிடி தூளை அள்ளினார். மற்றக் கையில் சரக்கறைத் தூள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"உங்க விட்டத்தை யாரும் அறுக்கலைங்க. கரையான் தின்னிருக்கு. இந்தத் தூள் உங்க கொட்டாயிலருந்து போயிருக்கு."

"அப்ப நாச்சிமுத்து இங்கிருந்து அள்ளிட்டுப் போயிருப்பான்."

"அவரு மில்லுல மலையாட்டக் குமிச்சு வச்சிருக்காரு" என்றாள் வசந்தாமணி. "வைக்கப்போர் வச்சிருக்கிறவன் அடுத்தவன் மாட்டு வாயிலருந்து புடுங்கிட்டா போவான்?"

ஒரு கோழி வாளிக்குள் தலையை விட்டுக் கொத்தியது. அதை விரட்டக்கூடச் சின்னுசாமிக்குத் தோன்றவில்லை. அப்படியே தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நா அவனைக் கொல்லப் பாக்கலீங்க" என்றார். "எங்கூடப் பொறந்தவனுங்க."

"தெரியுமுங்க. நடந்ததைச் சொல்லுங்க."

"ஐப்பசி மழையில அந்தச் சொவத்துலருந்து ஈசல் கெளம்புச்சுங்க. அப்பவே ஏணி வச்சு ஏறி விட்டத்தைத் தட்டிப் பாத்தேன். சத்தம் சரியில்ல. செல்லு அரிக்குதுன்னு தெரிஞ்சுது. கோழிக்கொட்டாய் வேலை முடியட்டும், அப்பறம் மாத்திக்கலாம்னு உட்டுட்டேனுங்க. தம்பி அங்க படுக்கறான்னும் தெரியும். நாலு நாளைக்குத்தானேன்னு..." அவர் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அவனைத் தூக்கி வண்டியில ஏத்தறப்ப யாரோ ஒருத்தரு, 'நாச்சிமுத்து சொன்ன மாதிரியே ஆயிருச்சே'ன்னு சொன்னாங்க. எனக்கு வேற நெனப்பு வந்துருச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்னு ஊருக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்க? பங்கு கேப்பான்னு தம்பியத் தீத்துக்கட்டப் பாத்தான்னு பேச மாட்டாங்களா? சின்னண்ணனே அப்புடி நெனைச்சுட்டான்னா? எல்லாரும் வண்டி கூடப் போனப்ப ஒரு கூடை அள்ளிக் கொட்டிட்டேனுங்க. போலீஸ் நாச்சிமுத்துவைப் புடிச்சுட்டுப் போவாங்கன்னு அந்நேரம் நெனைக்கலீங்க. புடிச்சுட்டுப் போனப்ப... சொல்ல வாய் வரலைங்க."

கேஸ் முடிந்தது. செங்கோடன் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, "அதனாலதான் முன்கூட்டியே சுண்ணாம்பும் அடிச்சு மறைச்சீங்க" என்றார்.

"சுண்ணாம்பா?"

"வீட்டுல மத்த சுவரெல்லாம் பழசாகி மஞ்சளா இருக்கு. சரக்கறையில அந்த ஒரு சுவர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. கிட்டப் போய்ப் பாத்தா சுண்ணாம்புக்கு அடியில தரையிலருந்து விட்டம் வரைக்கும் நரம்பு புடைச்சாப்புல ஒரு வரி ஓடுது. கரையான் வரிமேலயே அடிச்சிருக்கீங்க. அது கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா உங்க தம்பியே பாத்துட்டு வேற இடத்துல படுத்திருப்பார்."

சின்னுசாமி விழித்தார். "நா எங்கீங்க சுண்ணாம்பு அடிச்சேன்? அந்தச் சொவத்துப் பக்கமே நா அப்பறம் போகலீங்களே."

செங்கோடனின் புருவம் சுருங்கியது. சௌந்திரம் இத்தனை நேரத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் தடுமாறுவதைப் பார்த்தாள். மரத்தூளும் சுண்ணாம்பும் ஒரே கை வேலை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அது தப்பாகிவிட்டது.

அவர் திரும்பிச் சௌந்திரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே அவளுக்குப் புரிந்தது, அவர் புரிந்துகொண்டார் என்று.

சும்மா இருந்துவிடலாம். காசு கொடுத்துக் கூப்பிட்டவள் அவள். புருஷன் ஒப்புக்கொண்டாகிவிட்டது, நாச்சிமுத்து வெளியே வந்துவிடுவார். ஒரு சுவருக்கு யார் வெள்ளையடித்தார்கள் என்று இனி எவனும் கேட்கப்போவதில்லை. புருஷனும்கூட, அசதியில், 'நானாத்தான் இருக்கும்' என்று சொன்னாலும் சொல்லிவிடுவார். அவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தீவனத்துக்கு முண்டின.

"நாந்தானுங்க அடிச்சேன்" என்றாள்.

சின்னுசாமி தலையைத் தூக்கினார்.

"பொண்ணு ஊட்டுக்காரங்க திருச்செங்கோட்டுலருந்து ஊடு பாக்க வாராங்கன்னு சொன்னீங்கல்ல. மூட்டையை நகத்தறப்ப பாத்தேன். வெரல் தண்டிக்குச் செம்மண் கோடு, தரையிலருந்து மேல வரைக்கும். தொடப்பத்துல தட்டி உட்டேன். மறுநாளே திரும்ப வந்துருச்சு. செல்லு புடிச்ச ஊட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னு போயிட்டாங்கன்னா? கொழுந்தனாரு கல்யாணம் என்னால நின்னு போச்சுன்னு ஆகக்கூடாதுன்னு கெட்டியாச் சுண்ணாம்பு கரைச்சு ரெண்டு வாட்டி அடிச்சுட்டேன். அவங்களும் வந்தாங்க. ஊடு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "அந்தக் கட்டிலை அங்க போட்டதும் நாந்தானுங்க. வெயிலுக்கு அந்த அறைதான் குளுகுளுன்னு இருக்கும், அங்கயே படுங்க சாமின்னு நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

"உனக்குத் தெரியுமா?" என்றார் சின்னுசாமி.

"உங்குளுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பாய். சோறு போடும்போது இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கட்டில் வேறு அறையில் கிடந்திருக்கும். இரண்டு பேரும் அதையேதான் நினைத்தார்கள். இரண்டு பேருக்கும் மற்றவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செங்கோடன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஸ்டேஷனுக்குப் போலாங்களா? நான் சொல்றதைவிட நீங்க சொல்றதுதான் சரி."

சின்னுசாமி எழுந்தார். அரைஞாணிலிருந்து கொட்டாய்ச் சாவியை அவிழ்த்துச் சௌந்திரத்திடம் நீட்டினார். அவள் கொட்டாயைப் பூட்டிவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். மண் உதிர்ந்த விட்டத் துண்டைச் செங்கோடன் மேஜைமேல் வைத்ததும் தன் விரலாலேயே அமுக்கிப் பார்த்தார். அது உள்ளே போனது. அவர் முகம் கறுத்தது. பொய்யாகத் தடயம் வைத்ததற்காகச் சின்னுசாமியைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, நாச்சிமுத்துவை வெளியே விடச் சொன்னார்.

நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். தாடி முளைத்திருந்தது. பெஞ்சில் இருந்த சின்னுசாமியையும் சுவரோரம் நின்ற சௌந்திரத்தையும் பார்த்தவர், எதற்கு விட்டார்கள் என்று கேட்கவில்லை.

"சின்னண்ணன் எப்புடி இருக்கறான் அம்மிணி? கண்ணு முழிச்சுட்டானா?"

"முழிச்சுட்டாருங்க. இடுப்புத்தான்..."

"எல்லாம் எம்பட வாய்தான்" என்றார் நாச்சிமுத்து. கண் கலங்கியது. "அன்னிக்கு ஆத்தரத்துல சொல்லிப்போட்டேன். உங்க ஊடு உங்க தலைமேலயே உழுவோணும்னு. அந்தச் சொல்லு போயி அந்தப் பையன் மேல உழுந்துருச்சு. அவனை இந்தத் தோள் மேல தூக்கிட்டுத் தேருக்குப் போயிருக்கறேன். போலீஸ்காரங்க நீ அறுத்தியான்னு கேட்டப்ப, இல்லைன்னு அடிச்சுச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. ரம்பத்துல அறுத்தா என்ன, வாயில அறுத்தா என்ன? ரெண்டு நாளா உள்ள உக்காந்து கரியகாளியம்மங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்."

சின்னுசாமி பெஞ்சில் குனிந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் சொல்வதாக இல்லை. சௌந்திரம்தான் சொன்னாள். சுவர், சுண்ணாம்பு, கட்டில், கூடையில் போன மரத்தூள், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை நாச்சிமுத்து இமைக்கவில்லை. கலங்கின கண் மெதுவாகக் காய்ந்தது.

"நா ஒரு வாய் தண்ணி முழுங்க முடியாம உள்ள கெடந்தேன்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் ஊட்டுல சோறு தின்னுட்டா இருந்தீங்க?"

"தின்னமுங்க" என்றாள் சௌந்திரம்.

நாச்சிமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். படியில் இறங்கினவர் நின்றார்.

"சின்னண்ணங்கிட்ட யாரு சொல்லப் போறது?"

"நாந்தானுங்க. இப்பவே போறேன்."

"நீ சொல்றப்ப நானும் அங்க நிக்கோணும்" என்றார் அவர். "நீ எதையாச்சும் உட்டுப்போட்டுச் சொல்லுவே. நட, சேலத்து பஸ்ஸு போயிரும்."